முட்டை வெளிவரும் முன்னே: அவசரக் கருத்தடையின் அறிவியல்

பெண்ணின் சினைப்பையிலிருந்து வெளிவரும் கருமுட்டைக்கு ஆயுள் அதிகபட்சம் ஒரு நாள். 12 முதல் 24 மணி நேரத்துக்குள் விந்தணு வந்து சேராவிட்டால் அது அழிந்துவிடும். விந்தணுவுக்கோ ஆயுள் அதிகம். கருப்பை வாயில் சுரக்கும் சளியிலும் கருக்குழாயிலும் அது ஐந்து நாள் வரை உயிரோடு தங்கியிருக்கும். திங்கட்கிழமை உடலுறவில் உள்ளே போன விந்தணு, வெள்ளிக்கிழமை வெளிவரும் முட்டையோடு சேரலாம். ஆக, உறவு நடந்த நாளும் கரு உருவாகும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இந்த இடைவெளியில்தான் அவசரக் கருத்தடை மாத்திரை வேலை செய்கிறது. ஆணுறை கிழிந்துவிட்டது, தினமும் சாப்பிடும் கருத்தடை மாத்திரை சில நாட்கள் விட்டுப்போனது, எந்தத் தடுப்பும் இல்லாமல் உறவு நடந்துவிட்டது, வன்முறைக்கு ஆளாக நேர்ந்தது: இப்படிப்பட்ட நிலைகளில் ஒரு பெண் கருத்தரிப்பதைத் தடுக்க இன்னும் வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி நாள்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் அடைபட்டுக்கொண்டே வருகிறது. "கருவைக் கலைக்கிற மாத்திரையாமே", "ஒரு தடவை போட்டாலே அப்புறம் பிள்ளை தங்காதாமே" என்ற பயங்களில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் பெண்ணுக்குத்தான் நஷ்டம். அதனால் இந்த மாத்திரை உடலுக்குள் உண்மையில் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

கரு தங்கக்கூடிய ஆறு நாட்கள்

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆலன் வில்காக்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் பரிசோதித்து, முட்டை எந்த நாளில் வெளிவந்தது என்று கணித்தார்கள். 1995-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு இன்றும் இத்துறையின் அடித்தளம். முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் சேர்ந்த ஆறு நாட்களில் நடந்த உறவால் மட்டுமே கரு உருவாகியிருந்தது.

அந்த ஆறு நாட்கள் எப்போது வரும் என்பதை வெளியிலிருந்து சொல்வதுதான் கடினம். மாதவிலக்கு வந்த நாளிலிருந்து எண்ணி, பதினான்காம் நாளை ஒட்டிய சில நாட்களை மட்டும் தவிர்த்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதே வில்காக்ஸ் குழு 2000-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இந்த நம்பிக்கையை உடைத்தது. பத்தாம் நாளுக்கும் பதினேழாம் நாளுக்கும் நடுவே அந்த ஆறு நாட்களும் முழுமையாக அடங்கியது சுமார் 30 சதவீதப் பெண்களுக்கு மட்டுமே. மாதவிலக்கு ஒழுங்காக வரும் பெண்களுக்குக்கூட முட்டை வெளிவரும் நாள் மாறிக்கொண்டிருக்கிறது. எனவே "இது பாதுகாப்பான நாள்தான்" என்ற கணக்கை நம்பி அவசரக் கருத்தடையைத் தள்ளிப்போடக் கூடாது.

மாத்திரை தடுப்பது எதை?

இந்தியாவில் கிடைக்கும் அவசரக் கருத்தடை மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரெல். பெண்ணின் உடலில் இயற்கையாகச் சுரக்கும் புரோஜெஸ்ட்டிரோனைப் போலவே செயல்படும் செயற்கை ஹார்மோன் இது. தினசரிக் கருத்தடை மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்துதான் இருக்கிறது. அவற்றில் ஒன்றில் 0.15 மில்லிகிராம் என்றால், அவசர மாத்திரையில் 1.5 மில்லிகிராம். பத்து மடங்கு, ஆனால் ஒரே ஒரு முறை.

முட்டை தானாக வெளிவந்துவிடுவதில்லை. சினைப்பையில் அது வளரும் சிறுபை முதிர்ந்ததும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனைத் திடீரென்று பெருமளவில் சுரக்கிறது. அந்தப் பெருக்கு தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய 36 மணி நேரத்தில் சிறுபை வெடித்து முட்டை வெளிவருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் இந்தப் பெருக்கைத்தான் தடுக்கிறது, அல்லது தள்ளிப்போடுகிறது. பால் பொங்கத் தொடங்கும் முன் அடுப்பைத் தணித்தால் பால் தங்கும். பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைத்து என்ன பயன்? இந்த மருந்தின் கதையும் அதுதான். எல்.எச். பெருக்குக்கு முன்னால் மருந்து உடலில் சேர்ந்தால் முட்டை வெளிவருவது தள்ளிப்போகும். அதற்குள் காத்திருந்த விந்தணுக்கள் இறந்துவிடும். பெருக்கு தொடங்கிய பிறகு சாப்பிட்டால் மருந்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

'சீக்கிரம் சாப்பிட வேண்டும்' என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. தன் உடலில் முட்டை இன்றைக்கு வெளிவருமா, நாளை மறுநாள் வெளிவருமா என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. முந்திக்கொள்வது ஒன்றே வழி.

இது கருக்கலைப்பு அல்ல

லெவோநார்ஜெஸ்ட்ரெல் கருவுற்ற முட்டையைக் கருப்பையில் ஒட்டவிடாமல் செய்கிறதோ என்ற ஐயம் ஒரு காலத்தில் அறிவியலாளர்களிடையேயும் இருந்தது. மாத்திரை அட்டைகளின் உள்ளே வைக்கும் காகிதத்திலும் அப்படி அச்சிட்டிருந்தார்கள். அதைச் சோதித்துப் பார்த்தவர்களில் சிலே நாட்டின் சாந்தியாகோ நகர ஆய்வாளர்கள் முக்கியமானவர்கள். மாத்திரை வாங்க வந்த பெண்களின் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றைக் கொண்டு, யார் முட்டை வெளிவரும் முன் சாப்பிட்டார்கள், யார் பின்னால் சாப்பிட்டார்கள் என்று பிரித்தார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வில், கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்களில் உறவு கொண்டு, முட்டை வெளிவரும் முன்பே மாத்திரை சாப்பிட்டவர்கள் 103 பேர். மாத்திரை இல்லாவிட்டால் அவர்களில் 16 பேர் கருத்தரித்திருக்கலாம் என்பது கணிப்பு. ஒருவர்கூடக் கருத்தரிக்கவில்லை. முட்டை வெளிவந்த அன்றோ அதன் பிறகோ சாப்பிட்டவர்கள் 45 பேர். மருந்தே சாப்பிடாவிட்டால் எதிர்பார்க்கக்கூடியது ஏறத்தாழ ஒன்பது கர்ப்பங்கள். உண்மையில் எட்டுப் பேர் கருத்தரித்தார்கள்.

கருவுற்ற முட்டை ஒட்டுவதை மருந்து தடுத்திருந்தால், இரண்டாவது குழுவில் கர்ப்பங்கள் வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 2007-இல் நடந்த ஆய்வகச் சோதனையும் இதையே காட்டியது. கருப்பை உட்சுவரின் செல்களைக் கொண்டு அமைத்த திசுவின்மேல் கருவை வைத்துப் பார்த்தபோது, லெவோநார்ஜெஸ்ட்ரெல் இருந்தும் கரு ஒட்டிக்கொண்டது. கருக்கலைப்புக்குப் பயன்படும் மைஃபிப்ரிஸ்டோன் இருந்தபோது ஒட்டவில்லை. இப்படிச் சேர்ந்த சான்றுகளின் அடிப்படையில், 2022 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மாத்திரைக் குறிப்பிலிருந்து 'கரு ஒட்டுவதைத் தடுக்கலாம்' என்ற வரியை நீக்கியது.

ஏற்கெனவே கர்ப்பமாக இருக்கும் பெண் தெரியாமல் இந்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டாலும் கர்ப்பம் கலையாது. குழந்தைக்குக் குறைபாடு வரும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. கருக்கலைப்பு மாத்திரைகள் முற்றிலும் வேறானவை. மைஃபிப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற அந்த இரண்டையும் மருத்துவர் மேற்பார்வையில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு வகையையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்வதால் பெண்களுக்கு நேரும் துன்பம் கொஞ்சமல்ல.

ஒரு மாத்திரையாகச் சுருங்கிய வரலாறு

1960-களின் நடுவில் நெதர்லாந்தில், பாலியல் வன்முறைக்கு ஆளான 13 வயதுச் சிறுமி ஒருத்தியை மருத்துவர் ஆரி ஹாஸ்பெல்ஸிடம் கொண்டுவந்தார்கள். கால்நடை மருத்துவத்தில் விலங்குகளுக்குக் கொடுத்துவந்த முறையைப் பின்பற்றி, அவர் அந்தக் குழந்தைக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை அதிக அளவில் கொடுத்தார். நவீன அவசரக் கருத்தடையின் தொடக்கமாக மருத்துவ வரலாறு பதிவு செய்திருப்பது இந்தச் சிகிச்சையைத்தான். அந்தப் பெருமளவு ஈஸ்ட்ரோஜன் கடுமையான குமட்டலை உண்டாக்கியது. 1974-இல் கனடா மருத்துவர் ஆல்பர்ட் யூஸ்பே, இரண்டு ஹார்மோன்களைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுக்கும் முறையை வெளியிட்டார்; பின்னர் அது 12 மணி நேர இடைவெளியில் இருமுறை கொடுக்கும் முறையானது. அதிலும் வாந்தி தொல்லை நீங்கவில்லை.

1998-இல் உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய ஆய்வு, யூஸ்பே முறையையும் லெவோநார்ஜெஸ்ட்ரெலையும் ஒப்பிட்டது. யூஸ்பே முறையில் 3.2 சதவீதம் பேர் கருத்தரித்தார்கள்; லெவோநார்ஜெஸ்ட்ரெல் சாப்பிட்டவர்களில் 1.1 சதவீதம். வாந்தி 19 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதே ஆய்வுதான் நேரத்தின் மதிப்பையும் எண்களில் காட்டியது. எதிர்பார்க்கப்பட்ட கர்ப்பங்களில், லெவோநார்ஜெஸ்ட்ரெலை முதல் 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்களிடையே 95 சதவீதமும், இரண்டாம் நாளில் சாப்பிட்டவர்களிடையே 85 சதவீதமும், மூன்றாம் நாளில் சாப்பிட்டவர்களிடையே 58 சதவீதமும் தடுக்கப்பட்டன. 2002-இல் வெளியான அடுத்த ஆய்வு, இரண்டு வேளையாகப் பிரிக்காமல் 1.5 மில்லிகிராமையும் ஒரே வேளையில் சாப்பிட்டாலும் பலன் அதேதான் என்று நிறுவியது.

எப்படிச் சாப்பிட வேண்டும்?

உறவு நடந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள், 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் மாத்திரை ஒன்று. 0.75 மில்லிகிராம் மாத்திரைகள்தான் கிடைத்தன என்றால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாம். நான்காம், ஐந்தாம் நாளிலும் ஓரளவு பலன் இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது. மாத்திரைக்கு முன் உள்பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ தேவையில்லை.

சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு முறை சாப்பிட வேண்டும். குமட்டல், தலைவலி, அசதி, மார்பில் வலி, அடிவயிற்றில் பிடிப்பு, இடையில் சிறிது உதிரப்போக்கு ஆகியவை சிலருக்கு வரும். ஓரிரு நாளில் சரியாகிவிடும். அடுத்த மாதவிலக்கு சில நாட்கள் முந்தியோ பிந்தியோ வரலாம். எதிர்பார்த்த தேதி தாண்டி ஒரு வாரமாகியும் வரவில்லை என்றால் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். பிற்பாடு அடிவயிற்றில் கடுமையான வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான உதிரப்போக்கு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த மாத்திரை கருக்குழாய்க் கர்ப்பத்தை உண்டாக்குவதில்லை. ஆனாலும் எந்தக் கர்ப்பமும் கருக்குழாயில் தங்கிவிடும் ஆபத்து உண்டு. அதைத் தவறவிடக் கூடாது.

பலரும் கவனிக்காமல் விடும் ஓர் உண்மை இருக்கிறது. மாத்திரை முட்டையைத் தள்ளிப்போடுகிறது என்றால், அந்த முட்டை சில நாள் கழித்து வெளிவரும் என்றுதானே பொருள்? எனவே மாத்திரை சாப்பிட்ட பிறகு நடக்கும் உறவுக்கு அது பாதுகாப்புத் தராது. உண்மையில் அந்த நாட்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அடுத்த மாதவிலக்கு வரும்வரை ஆணுறை அவசியம். தினசரி மாத்திரையைத் தொடங்குவதென்றால் அன்றோ மறுநாளோ தொடங்கி, முதல் ஏழு நாட்கள் ஆணுறையையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

ஒரே மாதத்தில் இன்னொரு முறை தேவைப்பட்டால் சாப்பிடலாமா? சாப்பிடலாம், உயிருக்கோ கருப்பைக்கோ ஆபத்து இல்லை. மலட்டுத்தன்மை வரும் என்பது ஆதாரமற்ற பயம். மருந்து சில நாட்களில் உடலைவிட்டு நீங்கிவிடுகிறது. ஆனால் அடிக்கடி சாப்பிட்டால் மாதவிலக்குச் சுழற்சி குழம்பும். முறையாகப் பயன்படுத்தும் எந்த வழக்கமான கருத்தடையைவிடவும் இதன் பலன் குறைவு. அடிக்கடி இதைத் தேட நேர்கிறது என்றால், வழக்கமான ஒரு முறைக்கு மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை, கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி ஆகியவை இலவசம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

பாலூட்டும் தாய்மாரும் இந்த மாத்திரையைச் சாப்பிடலாம். வயது காரணமாக யாருக்கும் மறுக்க வேண்டியதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வேறு சில மருந்துகள்தான் இதன் பலனைக் குறைக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபைன், ஃபீனோபார்பிடோன், எச்.ஐ.வி. சிகிச்சையில் தரும் எஃபாவிரென்ஸ் போன்றவை கல்லீரலை வேகமாக இயங்கச் செய்து லெவோநார்ஜெஸ்ட்ரெலைச் சீக்கிரம் சிதைத்துவிடுகின்றன. உடல் எடை அதிகமுள்ள பெண்களுக்கும் மாத்திரையின் பலன் குறையலாம். இவர்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லி, காப்பர்-டியைப் பற்றிக் கேட்பது நல்லது.

உறவு நடந்த ஐந்து நாட்களுக்குள் போட்டுக்கொள்ளும் காப்பர்-டிதான் அவசரக் கருத்தடைகளில் எல்லாவற்றையும்விட உறுதியானது. அதிலிருந்து கசியும் செம்பு அயனிகள் விந்தணுவைச் செயலிழக்கச் செய்கின்றன. கருவுற்ற முட்டை ஒட்டுவதையும் அவை தடுக்கக்கூடும். பல நாடுகளில் நடந்த 42 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான கட்டுரை, ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இது தவறுகிறது என்று காட்டியது. போட்ட பிறகு அதையே வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம்; 380-ஏ வகை பத்து ஆண்டுகள் பலன் தரும். யூலிப்ரிஸ்டால் என்ற இன்னொரு மாத்திரை வேறு பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. எல்.எச். பெருக்கு தொடங்கிய பிறகும் முட்டையைத் தள்ளிப்போடக்கூடியது என்பதால் ஐந்தாம் நாள் வரை அது பலன் தருகிறது.

எதை நம்பக் கூடாது?

திருவிழா, கோயில் பயணம், கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட நம் வீடுகளில் சாப்பிடும் நோரெதிஸ்டிரோன் மாத்திரை அவசரக் கருத்தடைக்கு உரியதல்ல. 'அதுவும் ஹார்மோன் மாத்திரைதானே' என்று அதைச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவது ஆபத்து. பப்பாளிக்காய், அன்னாசி, எள்ளுருண்டை ஆகியவற்றை எவ்வளவு சாப்பிட்டாலும் முட்டை வெளிவருவது நிற்காது. உறவு முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதாலும் பயன் இல்லை. விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பை வாயைக் கடந்துவிடுகின்றன. இவற்றை நம்பி இழக்கும் நேரத்தை எந்த மருந்தாலும் திருப்பித் தர முடியாது.

அவசர மாத்திரை எச்.ஐ.வி.யிலிருந்தோ மற்ற பால்வினை நோய்களிலிருந்தோ காக்காது. அந்த அச்சம் இருந்தால் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

கிடைக்க வேண்டிய இடத்தில் கிடைக்கிறதா?

இந்தியாவில் லெவோநார்ஜெஸ்ட்ரெல் அவசர மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்க 2005-இல் அனுமதி வந்தது. மத்திய அரசின் குடும்ப நலத் திட்டத்தில் 'ஈஸி பில்' என்ற பெயரில் இது அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. இத்தனை இருந்தும், தமிழ்நாட்டின் பெரும்பாலான மருந்துக் கடைகளில் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வருகிறது. சட்டப்படி தடை எதுவும் இல்லை. கடைக்காரர்கள் வாங்கி வைப்பதில்லை. கேட்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்க்கும் பார்வையும் சேர்ந்துகொள்கிறது. பக்கத்து மாநிலத்திலிருந்து வாங்கிவரச் சொல்லியோ இணையத்தில் பணம் கட்டியோ மாத்திரை கைக்கு வருவதற்குள் இரண்டு நாள் போய்விடும். 95 சதவீதத்துக்கும் 58 சதவீதத்துக்கும் இடையே உள்ள தூரம் அந்த இரண்டு நாள்தான்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குச் சட்டம் தெளிவான உரிமையைத் தந்திருக்கிறது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனடியாக, கட்டணமின்றிச் சிகிச்சை தர வேண்டும் என்று 2013-இல் வந்த விதி, இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கிறது. 2014-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்தச் சிகிச்சையின் பகுதியாக அவசரக் கருத்தடையும் உண்டு. காவல் நிலையத்துக் காகிதம் வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் பிறகும் கரு தங்கிவிட்டால் அதோடு கதவு அடைபட்டுவிடவில்லை. 2021-இல் திருத்தப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை தவறியதால் உண்டான கர்ப்பத்தை 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு கலைக்க அனுமதிக்கிறது. மணமான பெண், மணமாகாத பெண் என்ற பாகுபாடு இந்தச் சட்டத்தில் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த நிலை வராமல் காப்பதுதான் எளிது. உடலுக்கும் மனதுக்கும் நல்லது.

மாத்திரையை முன்கூட்டியே கையில் கொடுத்தால் பெண்கள் பொறுப்பில்லாமல் நடந்துகொள்வார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். முன்கூட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வறிக்கை, அப்படி நடக்கவில்லை என்று சொல்கிறது. வழக்கமான கருத்தடையை அந்தப் பெண்கள் கைவிடவில்லை; பால்வினை நோய்கள் கூடவுமில்லை. மாத்திரை கையில் இருந்தவர்கள் அதைச் சீக்கிரம் சாப்பிட்டார்கள், அவ்வளவே.

எனவே செய்ய வேண்டியவை எளிமையானவை. தேவைப்படலாம் என்று நினைக்கும் பெண், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஒரு மாத்திரையை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம். காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்துக் கடைக்காரர்கள் இதைக் காய்ச்சல் மாத்திரை போலக் கேள்வி கேட்காமல் விற்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களும், பெண்களுக்கு அம்மாக்களும், இளைஞர்களுக்கு அப்பாக்களும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆணுறை கிழிந்தது ஆணுக்கும் தெரியும். மாத்திரை வாங்கிவரும் பொறுப்பு அவனுக்கும் உண்டு. மருந்து பாதுகாப்பானது என்பதில் அறிவியலுக்கு ஐயமில்லை. தாமதம் மட்டுமே அதன் எதிரி. அந்தத் தாமதத்தை உண்டாக்குவது நம் கூச்சமும் மௌனமும் என்பதால், அதைப் போக்கும் பொறுப்பும் நம்முடையதுதான்.